அட்டெண்டன்ஸ் 75... கிரெடிட் 140... காலேஜ் 'கணக்கு' தெரியுமா? கோட்டை விட்டால் ஒரு வருஷம் காலி!

விருத்தாசலம்: "பிள்ளைய காலேஜ்ல சேத்தாச்சு, இனிமே அவன் பாடு" என்று நிம்மதிப் பெருமூச்சு விடும் பெற்றோர் நம்ம ஊர்ப்பக்கம் ஏராளம். செராமிக் எஸ்டேட்டில் அச்சுக்கு மண் ஊற்றுகிறவர், முந்திரித் தோப்புக்கு கூலிக்குப் போகிறவர், பாலக்கரையில் வண்டி ஓட்டுகிறவர் என பலருடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். அதனால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. பள்ளிக்கூடம் போல வகுப்பாசிரியர் வீட்டுக்கு ஆள் அனுப்பவும் மாட்டார்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதினால் பாஸ் அல்லது பெயில். கல்லூரியில் அப்படி இல்லை. நன்றாகப் படிக்கிற மாணவனே பரீட்சை எழுத முடியாமல் போகலாம். எல்லாப் பேப்பரும் பாஸ் செய்தவருக்கும் பட்டம் வராமல் நிற்கலாம். பட்டம் வாங்கியவருக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரே ஒரு சான்றிதழ் இல்லாமல் வாய்ப்பு நழுவலாம். எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. அந்த விதியை யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வதில்லை என்பதுதான் பிரச்னை.

முதல் கேள்வி... உங்க பல்கலைக்கழகம் எது?

சிரிக்காதீங்க. இதற்கே பல பேருக்கு பதில் தெரியாது. விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி பல வருடங்களாக வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 2021-ல் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் தனிப் பல்கலைக்கழகம் என்று சட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் அதே ஆண்டு ஆகஸ்டில் அதை ரத்து செய்து, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். சட்டசபையில் அனல் பறந்த விவகாரம் அது.

அரசியல் ஒருபக்கம் கிடக்கட்டும். மாணவனுக்கு இதில் என்ன? கல்லூரிக் கட்டடம் அதேதான், வாத்தியார்கள் அதேதான். ஆனால் பாடத்திட்டம், தேர்வு அட்டவணை, கட்டணம், பட்டச் சான்றிதழில் இருக்கும் பெயர் எல்லாம் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. பழைய அரியர் வைத்திருக்கும் அண்ணன் ஒரு பல்கலைக்கழகம், இப்போது படிக்கும் தம்பி இன்னொரு பல்கலைக்கழகம் என்று ஒரே வீட்டில் இரண்டு இருக்கலாம். உங்க பதிவு எண்ணை எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்ததோ, அதன் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். அண்ணன் சொன்ன தேதியை நம்பி தம்பி உட்கார்ந்திருந்தால் அம்போதான்.

வருகைப்பதிவு... இதுதான் பெரிய வில்லன்!

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 சதவீதம் வந்திருக்க வேண்டும். அதாவது 68 நாள். நீங்கள் லீவு போடக்கூடியது மொத்தமே 22 நாள்தான். கேட்பதற்கு நிறைய போலத் தெரியும். காய்ச்சலுக்கு ஐந்து, அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு நாலு, மாசி மகத்துக்கு இரண்டு என்று போனால் மிச்சம் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை ஓடும் செமஸ்டரில்தான் கொலு பொம்மை, தீபாவளி, கார்த்திகை அகல் விளக்கு ஆர்டர் எல்லாம் வரிசை கட்டி வரும். எஸ்டேட்டில் கை போதாது. "ரெண்டு வாரம் வாடா, கைச்செலவுக்கு ஆச்சு" என்று கூப்பிட்டால் பையன் போகாமல் இருப்பானா? அப்பாவுக்கும் ஒத்தாசை. அந்த இரண்டு வாரம் 12 வேலை நாள். 22-ல் பாதிக்கு மேல் அங்கேயே காலி. வேலைக்குப் போவது தப்பு என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. கல்லூரி லீவு நாளில் போனால் கணக்கு கெடாது.

அரை நாள் சமாச்சாரமும் உண்டு. பல கல்லூரிகளில் காலை, மாலை என்று தனித்தனியாக வருகை எடுப்பார்கள். மங்கலம்பேட்டை, வேப்பூர், பெண்ணாடம், கம்மாபுரம் பக்கமிருந்து பஸ்சில் வரும் பிள்ளைகள் முதல் மணி நேரத்தை விட்டால் அரை நாள் ஆப்சென்ட் விழலாம். பத்து நாள் பஸ் லேட் என்றால் ஐந்து நாள் போச்சு!

சரி, 75-க்கு கீழே போனால்? தமிழகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இருக்கும் விதி இதுதான். 65 முதல் 74 சதவீதம் என்றால், தகுந்த காரணம் காட்டி, அபராதக் கட்டணம் கட்டி பரீட்சை எழுதலாம். இதற்கு 'கண்டோனேஷன்' என்று பெயர். 50 முதல் 64 என்றால் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்ட பேப்பர்களை அப்புறம் சேர்த்து எழுத வேண்டும். 50-க்கும் கீழே என்றால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். ஒரு வருடம் அவுட்! பல்கலைக்கழகத்துக்கு பல்கலைக்கழகம் ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே இருக்கும். உங்களுடைய எண் என்ன என்பதை துறைத்தலைவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் டாக்டர் சான்றிதழை குணமாகி கல்லூரிக்கு வந்த உடனே கொடுத்துவிட வேண்டும். பரீட்சைக்கு நாலு நாள் முன்பு, மூன்று மாதத்துக்கு முந்திய தேதியில் சான்றிதழ் நீட்டினால் யாரும் நம்பப் போவதில்லை. படிக்கும்போதே கல்யாணம் ஆகி குழந்தை உண்டான பெண்களுக்கு வருகையில் சலுகை தரும் விதிகளை உருவாக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. கல்யாணத்தோடு படிப்பை மூட்டை கட்டும் முன், கல்லூரியில் இதைப் பற்றிக் கேட்கலாம்.

நம்ம பக்கத்து வழக்கம் ஒன்று. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை சீட்டில் எழுதி பிராது கட்டினால் முருகன் தீர்த்து வைப்பார் என்பது ஐதீகம். பரீட்சை நேரத்திலும் பிராது கட்டுகிறவர்கள் உண்டு. தாராளமாகக் கட்டட்டும். ஆனால் கண்டோனேஷன் மனுவுக்கு கடைசித் தேதி உண்டு, அது கல்லூரி ஆபீசில்தான் கொடுக்க வேண்டும்!

25-ம் 75-ம்

ஒவ்வொரு பேப்பருக்கும் 100 மார்க். அதில் 25 உள் மதிப்பீடு, 75 செமஸ்டர் பரீட்சை. இதுதான் பரவலான முறை. இளங்கலையில் பாஸ் ஆக மொத்தத்தில் 40 வேண்டும். அதோடு, 75-க்கு எழுதும் பரீட்சையில் தனியாக 30 எடுத்தாக வேண்டும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். இன்டர்னலில் 25-க்கு 24 வாங்கியவன், பரீட்சையில் 28 எடுத்தால் கூட்டுத்தொகை 52. ஆனாலும் பெயில்! "52 எடுத்தும் பெயிலா?" என்று வீட்டில் சண்டையே நடக்கும். விதி அப்படி.

தலைகீழாகவும் நடக்கும். டெஸ்ட் எழுதாமல், அசைன்மென்ட் கொடுக்காமல் இன்டர்னலில் 5 மட்டும் வாங்கியவருக்கு பரீட்சையில் 30 போதாது, 35 எடுத்தால்தான் 40 வரும். பின்னால் அரியர் எழுதும்போதும் இந்த 5 கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இன்டர்னலை மறுபடி எழுதி ஏற்றிக்கொள்ள பெரும்பாலும் வழி கிடையாது. அசைன்மென்ட் பேப்பர் வாங்க இருபது ரூபாய் இல்லை என்று விட்ட பிள்ளை, மூன்று வருடம் கழித்தும் அந்த மார்க்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கிரெடிட் என்றால் என்ன?

தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளில் 2008-09 முதல் விருப்பப்பாட கிரெடிட் முறை வந்தது. மூன்று வருட இளங்கலைக்கு மொத்தம் 140 கிரெடிட் என்பது பொதுவான அளவு. அதை ஐந்து பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது மேஜர் பாடமும் அதோடு சேர்ந்த துணைப்பாடமும். நாலாவது பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, வேறு துறையில் எடுக்கும் விருப்பப்பாடம், திறன் பாடம். ஐந்தாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு மாதிரி வகுப்புக்கு வெளியே செய்வது. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' பயிற்சியும் கிரெடிட் கணக்கில் சேர்ந்தது.

"மேஜர் மட்டும் பாத்துக்கிட்டா போதும், மத்ததெல்லாம் சும்மா" என்று சீனியர்கள் சொல்வார்கள். நம்பாதீங்க. சுற்றுச்சூழல் கல்வி ஒரு பேப்பர் பாக்கி இருந்தாலும் கிரெடிட் நிறையாது. கிரெடிட் நிறையாவிட்டால் பட்டம் கிடையாது. ஐந்தாம் பகுதி ஒரே ஒரு கிரெடிட்தான். அந்த ஒன்று இல்லாவிட்டால் 139!

ஆனால் சீனியர் சொல்வதில் பாதி உண்மையும் உண்டு. எங்கே உழைப்பைக் கொட்டுவது என்று பார்த்தால் மேஜர்தான். 5 கிரெடிட் உள்ள மேஜர் பேப்பரில் 60 மார்க் எடுத்தால் 6 பாயின்ட், அதை 5-ஆல் பெருக்கி 30. 2 கிரெடிட் விருப்பப்பாடத்தில் 90 எடுத்தாலும் 9-ஐ 2-ஆல் பெருக்கி 18-தான். மேஜரில் பத்து மார்க் கூடினால் 5 ஏறும், விருப்பப்பாடத்தில் பத்து கூடினால் 2 ஏறும். எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவதுதான் சராசரி. 6-க்கு மேல் முதல் வகுப்பு, 5-க்கு மேல் இரண்டாம் வகுப்பு, 4-க்கு மேல் மூன்றாம் வகுப்பு. 7.5-க்கு மேல் எடுத்து, எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே முடித்திருந்தால் டிஸ்டிங்ஷன்.

வகுப்பு என்பது பகுதி வாரியாகத் தனித்தனியாகப் போடப்படும். மேற்படிப்புக்கு பார்ப்பது மூன்றாம் பகுதியை. பி.எட். சேருவதற்கு தமிழகத்தில் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 40 என்ற கட்-ஆப்பும் மேஜர், துணைப்பாட மார்க்கை வைத்துத்தான். வாத்தியார் வேலை ஆசை இருக்கிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே இதை மனதில் வைக்க வேண்டும். மூன்றாம் வருடத்தில் விழித்துக்கொண்டால் சராசரியை இழுத்து ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை.

அரியர்... 'ஆல் பாஸ்' திரும்ப வராது

2020 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? கொரோனா நேரத்தில், கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லாரும் பாஸ் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊரெல்லாம் வாழ்த்து போஸ்டர், மீம்ஸ், வெடிச் சத்தம். தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் எதிர்ப்புத் தெரிவித்தது, வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. 2021 ஏப்ரலில், பரீட்சையே நடத்தாமல் பாஸ் போடுவதை ஏற்க முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. சந்தோஷப்பட்டவர்கள் மறுபடி புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள்.

அரியரை வைத்துக்கொண்டு அடுத்த செமஸ்டருக்குப் போக கலைக் கல்லூரிகளில் தடை இல்லை. அதுதான் ஆபத்து. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசி செமஸ்டரில் ஒரே மாதத்தில் பத்துப் பதினொரு பரீட்சை எழுதும் கூத்து நடக்கும். பேப்பருக்கு பேப்பர் கட்டணம் வேறு. படிப்பு முடிந்த பிறகு இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. அது தாண்டினால், பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2021-ல் அப்படி ஒரு வாய்ப்பு கொடுத்தபோது, இருபது வருடப் பழைய அரியர்காரர்கள் வரைக்கும் வாய்ப்பு நீண்டது. கூடுதலாக 5 ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள்.

இடையில் பாடத்திட்டம் மாறினால் இன்னும் தொல்லை. பழைய பேப்பருக்கு வகுப்பு இருக்காது, புத்தகமும் சுலபத்தில் கிடைக்காது.

மார்க்கில் சந்தேகமா? விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். எல்லாவற்றுக்கும் ரிசல்ட் வந்த சில நாட்களே அவகாசம். ரிசல்ட் அன்று அழுது முடிப்பதற்குள் தேதி போய்விடும். முதலில் நகல் வாங்கி, பாடம் எடுத்த பேராசிரியரிடம் காட்டி, "மார்க் ஏறுமா சார்?" என்று கேட்டுவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவது புத்திசாலித்தனம்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடிப்பதுதான் இது. பலர் யோசிக்காமல் அடித்துவிடுகிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு என்று 2010-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதைத் திருத்தி, பட்டம் மட்டும் தமிழ் வழி என்றால் போதாது, பள்ளிக்கூடத்திலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். ஆக, ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ்-2 வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை, கல்லூரியில் மட்டும் பேருக்கு ஆங்கில வழி வாங்கினால், பட்டதாரி தகுதி கேட்கும் குரூப்-1, குரூப்-2 தேர்வுகளில் அந்த 20 சதவீதத்தை இழக்கிறார். "நான் பரீட்சைய தமிழ்லதான எழுதுனேன்" என்று சொன்னால் செல்லாது. பயிற்றுமொழி தமிழ் என்று கல்லூரி சான்றிதழ் தர வேண்டும்.

அப்போ ஆங்கில வழியே கூடாதா? அப்படி இல்லை. கம்பெனி வேலை, வெளிமாநில மேற்படிப்பு என்று போகிறவர்களுக்கு அது உதவும். எந்தப் பாதைக்குப் போகப் போகிறோம் என்று யோசித்து டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். பத்தாவது, பிளஸ்-2, பிறகு மூன்று வருடப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பது 2009 அரசாணைப்படி தமிழக அரசு வேலைக்கான விதி. பிளஸ்-2 எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தலையில் கை வைக்கிறார்கள்.

டிப்ளமோ பிள்ளைகளுக்கு...

நம்ம ஊரிலேயே தொழில் வணிகத் துறையின் கீழ் அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பத்தாவது முடித்துச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ., பி.டெக். படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. சென்னை கிண்டி ஏ.சி.டெக்.கில் செராமிக் டெக்னாலஜி பி.டெக். படிப்பே இருக்கிறது. அப்பா சூளை போடும் ஊரிலிருந்து பிள்ளை அங்கே போய்ச் சேருவது நடக்காத காரியம் அல்ல. ஆனால் நேரடி இரண்டாம் ஆண்டு விண்ணப்பத் தேதி வரும்போது டிப்ளமோவில் அரியர் தொங்கினால் கதவு மூடிவிடும்.

மாதம் ஆயிரம் நிற்காமல் இருக்க...

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல். இரண்டுமே கல்லூரிக்குப் போய்ப் படிக்கிறவர்களுக்கு, தபால் வழிக்கு இல்லை. இடையில் படிப்பை நிறுத்தினால் பணமும் நிற்கும். சில பிள்ளைகள் ஆதார் இணைக்காத பாங்க் கணக்கைக் கொடுத்துவிட்டு, பணம் வரவில்லை என்று அலைகிறார்கள். கல்லூரியில் இதற்கென்று ஒரு பேராசிரியர் பொறுப்பில் இருப்பார், அவரைப் பார்த்தால் போதும்.

ஒரிஜினலைப் பிடித்து வைக்க முடியாது!

தனியார் கல்லூரியில் சேர்ந்த பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும். "பணம் வராது, சர்டிபிகேட்டும் தரமாட்டோம்" என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சேர்க்கை கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுக் கட்டணம் திரும்ப வர வேண்டும், கையாளும் செலவு என்று கொஞ்சம் மட்டும் பிடிக்கலாம். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. அதற்கு மேல் தாமதித்தால் பூஜ்யம். எனவே விலகுவதென்றால் வாயால் சொல்லிவிட்டு வராமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேட்டும் நடக்கவில்லையா? ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரலில் வந்த விதி. அங்கே மனு கொடுத்தால் 15 வேலை நாளுக்குள் பதில் எதிர்பார்க்கலாம். அதிலும் தீராவிட்டால் பல்கலைக்கழகத்தில் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

பரீட்சைக் கட்டண ரசீது, ஒவ்வொரு செமஸ்டர் ஹால்டிக்கெட், மார்க் ஷீட் மூன்றையும் படிப்பு முடியும் வரை ஒரே பையில் போட்டு பத்திரமாக வையுங்கள். ரிசல்ட்டில் பேர் விடுபட்டால் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான். மூன்று வருடம் முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும்போது, அதில் பெயர், பிறந்த தேதி, பயிற்றுமொழி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று ஆபீஸ் ஜன்னலை விட்டு நகரும் முன்பே பார்த்துவிடுங்கள். பட்டச் சான்றிதழ் வாங்க தனியாக விண்ணப்பம் போட்டு, பணம் கட்ட வேண்டும். அது தானாக வீடு தேடி வராது.